ஆசான் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்து வல்லவிளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் கிளப்பில் கோச் நாற்காலி ஆட ஆரம்பித்தாலே எங்கள் சாயக்கடையில் மூன்று கட்சி ஆகிவிடுகிறது. ஐரோப்பாவில் பேர் கேட்ட பெரிய ஆள் வர வேண்டும் என்கிறது ஒரு கட்சி. பழைய கோச் இவான் ஆசானைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்கிறது இன்னொன்று. இந்தியக் கோச் ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது மூன்றாவது. அண்ணன் எந்தக் கட்சி? நம் கரையிலிருந்து ஒருவன் என்றைக்காவது அந்த நாற்காலிக்குப் போவானா?"

தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாவது கட்சி. ஆனால் "கொடுத்துப் பார்க்கலாம்" என்கிற அரை மனசு எனக்குக் கிடையாது. கொடுப்பதென்றால் சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலமான ப்ரீசீசன் முழுக்கக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்கும்போது அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். குறைந்தது இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டு, அந்த இரண்டு வருஷமும் அவரை விட்டுவைக்க வேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் யார் வந்து உட்கார்ந்தாலும் டிசம்பர் மாதம் உங்கள் சாயக்கடையில் இதே சண்டைதான் நடக்கும். ஏன் அப்படி என்று சொல்ல கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை நம் எட்டு ஊர்களிலும் நடக்கிற டோர்னமென்ட்களில் பதினெட்டு வருஷம் ரைட் பேக் ஆடியவன். எல்லை தாண்டி பொழியூர், பூவார், விழிஞ்ஞம் பக்கம் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆடப் போயிருக்கிறேன். கால்முட்டி போன பிறகு கோச்சுக்கான டி லைசென்ஸ் எடுத்து, காலையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிளாஸ்டர்ஸை இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) 2014 முதல் சீசனிலிருந்தே பார்க்கிறேன். நமக்குச் சென்னை ஒரு ராத்திரி ரயில் தூரம். திருவனந்தபுரம் பஸ் ஏறினால் வந்துவிடும். கல்யாணம் கொடுத்ததும் எடுத்ததும் பொழியூரில். கமென்டரி கேட்பது மலையாளத்தில். அப்படித்தான் நமக்கு பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஒட்டியது. கொச்சி கலூரில் மேட்ச் என்றால் திருவனந்தபுரத்தில் ரயில் ஏறி, எர்ணாகுளம் டவுனில் இறங்கி, மெட்ரோ பிடித்து ஸ்டேடியம் போய், முடிந்ததும் ராத்திரி ரயிலில் திரும்பி விடியும்போது ஊர் சேருவோம். தோற்ற ராத்திரிகளில் அந்த ரயில் பெட்டியில் நடக்கிற பேச்சு முழுக்க கோச்சைப் பற்றித்தான்.

இனி பழைய கதை. 2014-ல் இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ்தான் கோளியும் (கோல்கீப்பர்) கோச்சும். அந்த வருஷமே ஃபைனல். டிசம்பர் 20, மும்பையில், காயத்துக்குச் சேர்த்த நேரத்தில் முகமது ரஃபீக் தலையால் முட்டிய ஒரே கோலில் அத்லெடிகோ டி கொல்கத்தாவிடம் தோற்றோம். அடுத்த வருஷம் ஜேம்ஸ் இல்லை. 2015-ல் பீட்டர் டெய்லர் வந்தார், சீசன் பாதியைத் தாண்டும் முன் போனார். டெரி ஃபெலன் மீதியை முடித்தார், கடைசி இடம். 2016-ல் ஸ்டீவ் காப்பல். மறுபடி ஃபைனல், இந்தத் தடவை நம் கலூரிலேயே, மறுபடி அதே கொல்கத்தா, பெனால்டியில் போயிற்று. காப்பலும் அடுத்த வருஷம் இல்லை. 2017-ல் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனுக்குத் துணையாக இருந்த ரெனே மியூலன்ஸ்டீன் வந்தார். ஜனவரியில் கிளம்பினார். டேவிட் ஜேம்ஸ் திரும்ப வந்தார், அந்த 2018 முடியும் முன் அவரும் கிளம்பினார். மிச்ச ஆட்டங்களுக்கு நெலோ விங்காடா. 2019-ல் எல்கோ ஷட்டோரி ஒரு சீசன். 2020-ல் கிபு விகுனா. அவருக்கு அந்த ஒரு சீசன்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

எண்ணிப் பார். ஏழு சீசன். ஒருவர்கூட அடுத்தடுத்து இரண்டு முழு சீசன் நிற்கவில்லை.

நம் ஆட்களுக்கு இது புரியாத விஷயமில்லை. கொச்சி தோப்பும்படி ஹார்பரிலிருந்து முப்பது நாள், நாற்பது நாள் ஆழ்கடலுக்குப் போகிற போட்டை நினைத்துக்கொள். தொழிலாளிகளை ஒருவர் பிடித்து, தூண்டிலையும் வலையையும் இன்னொருவர் வாங்கிப் போட்டு, போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கை மட்டும் புறப்படுகிற அன்றைக்குக் கொண்டுவந்து ஏற்றினால் எப்படி இருக்கும்? பத்தாவது நாள் மீன் இல்லை என்று போனில் திட்டி, நடுக்கடலில் அவரை இறக்கி வேறொருவரை ஏற்றினால்? எந்த முதலாளியும் தன் போட்டை அப்படி நடத்த மாட்டான். பந்து களியில் மட்டும் அதைச் சரி என்று கைதட்டுகிறோம்.

இவான் வுகோமனோவிச் வந்தது 2021 ஜூனில். அன்றைக்கு அவர் பேர் நம் யாருக்கும் தெரியாது. பெல்ஜியத்தில் ஸ்டாண்டர்ட் லியேஜில் வேலை பார்த்தவர், அப்புறம் ஸ்லோவாகியாவிலும் சைப்ரஸிலும் இருந்தவர் என்பதெல்லாம் கூகுளில் தேடித்தான் தெரிந்தது. "யாருடே இது" என்று கேட்காத ஆள் இல்லை. முதல் ஆட்டமே மோகன் பகானிடம் 4-2 தோல்வி. அடுத்த இரண்டும் டிரா. நான்காவது ஆட்டத்தில்தான் முதல் ஜெயம். அன்றைக்குக் கிளப் பதறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பதறவில்லை. அந்த முதல் தோல்விக்குப் பிறகு பத்து ஆட்டம் யாரிடமும் தோற்கவில்லை.

2022 மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமை, ஹைதராபாத்தோடு ஃபைனல். குருசடிப் பக்கத்தில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டி புரொஜெக்டர் வைத்தோம். கடல்காற்றில் துணி பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டே இருந்தது. என்னிடம் பழகுகிற இரண்டு பொடியன்கள் கீழ் முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். நம் ராகுல் கோல் போட்டதும் அவர்களும் துணியை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். யாருக்கும் படம் தெரியவில்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. 88-வது நிமிஷம் ஹைதராபாத்தின் சாஹில் தவோரா தூரத்திலிருந்து அடித்தது உள்ளே போயிற்று. பெனால்டியில் அவர்கள் கோளி கட்டிமணி நம் மூன்றைத் தடுத்தார். லெஸ்கோவிச், நிஷு, ஜீக்சன் அடித்தவை. கடைசியில் துணியைக் கழற்ற ஆள் வரவில்லை. மறுநாள் காலை நான் போனபோது அது ஈரமாகக் கம்பில் சுற்றிக் கிடந்தது.

அப்படித் தோற்ற பிறகும் அவரை எல்லாரும் ஆசான் என்றே சொன்னார்கள். மலையாளிகள் ஆஷான் என்பார்கள், நமக்கு ஆசான். நம் பக்கத்தில் அந்த வார்த்தையைச் சும்மா யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அடிமுறை சொல்லிக்கொடுப்பவர் ஆசான். அடிபட்டு வந்தவனுக்கு எண்ணெய் போட்டு உழிந்து, வர்மம் இளக்கி எழுப்பி விடுபவரும் அதே ஆசான்தான். ஆட்டக்காரர்களை இவான் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். தோற்றால் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வார். அதனால் உங்கள் இரண்டாவது கட்சியின் மனசு எனக்கு நன்றாகவே புரியும்.

ஆனாலும் அவர் திரும்ப வருவது எனக்குச் சம்மதமில்லை. 2023 மார்ச் 3, பெங்களூரு பிளே-ஆஃப் உனக்கு ஞாபகம் இருக்கும். எக்ஸ்ட்ரா டைமில், 96-வது நிமிஷம், நம் ஆட்கள் சுவர் கட்டும் முன் பெங்களூருவின் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோல் ஆக்கினார். இவான் டீமைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. அன்றைக்கு ரெஃபரியை நானும் திட்டினேன். ஆனால் கணக்குப் பார்: இன்னும் இருபத்து நாலு நிமிஷம் மிச்சம் இருந்தது. இருபத்து நாலு நிமிஷத்தில் ஒரு கோல் திருப்பிப் போட முடியாத டீமா அது? இல்லவே இல்லை. கிளப்புக்கு நாலு கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டம் தடை. அடுத்த சீசனின் தொடக்கத்தில் டீமைப் பார்த்துக்கொண்டது துணைக் கோச் ஃபிராங்க் டாவன். அந்த 2023-24-லும் டிசம்பர் கடைசியில் பட்டியலில் முதலிடத்தில் இருந்தோம். நம் கேப்டன் லூனா முட்டி அடிபட்டு வெளியே போன பிறகு, அவர் இல்லாமல் ஆட இரண்டாவது வழி ஒன்று டீமிடம் இல்லை. ஜனவரிக்கு அப்புறம் சரிந்தோம். பிளே-ஆஃபில் புவனேஸ்வரில் ஒடிசாவிடம் 2-1. ஏப்ரல் கடைசியில் கிளப்பும் அவரும் பிரிந்தார்கள்.

மூன்று வருஷம், மூன்று பிளே-ஆஃப். கோப்பை இல்லை. அவர் கொடுத்தது பெரிது, அதற்கு நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் திரும்பி வருகிறவருக்கு அவர் ஆட வைத்த அந்தப் பழைய டீம் கிடைக்காது. அல்வரோ வாஸ்கெஸ் இல்லை, டயமன்டகோஸ் இல்லை, சஹல் இல்லை, ஜீக்சன் இல்லை. டேவிட் ஜேம்ஸ் திரும்பி வந்ததை நாமே பார்த்தோம். பக்கத்தில் சென்னையின் எஃப்.சி.யைப் பார். கோச் ஓவன் கோய்ல் 2019-20-ல் பாதியில் வந்து, கீழே கிடந்த டீமை ஃபைனல் வரை கொண்டுபோனார். ஊரே கொண்டாடியது. 2023-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். 2024-25-ல் பதினொன்றாவது இடம். மறுபக்கமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது: கோச் ஹபாஸ் 2014-ல் கொல்கத்தாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய், 2019-ல் திரும்ப வந்து மறுபடி வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தத் தடவை அவருக்கு ராய் கிருஷ்ணாவும் டேவிட் வில்லியம்ஸும் கிடைத்தார்கள். முன்வரிசையே புதுசு. பழைய பாசத்துக்காக மட்டும் அவர் திரும்ப வரவில்லை.

இனி முதல் கட்சி, பெரிய பேர். மியூலன்ஸ்டீனைவிடப் பெரிய இடத்திலிருந்து வந்தவர் நமக்கு யாரும் இல்லை. ஏழு மாதம் தாங்கவில்லை. மிக்கேல் ஸ்டாரே 2024-ல் வந்தபோதும் கையில் சரக்கோடுதான் வந்தார். 2009-ல் சுவீடனில் ஏ.ஐ.கே. டீமுக்கு லீக்கும் கோப்பையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தவர். அவரை வெறும் ஆள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பன்னிரண்டு ஆட்டத்தில் மூன்று ஜெயம், இரண்டு டிரா, ஏழு தோல்வி. டிசம்பர் 16 அன்று அனுப்பினார்கள். முந்தின சீசனில் லீக்கிலேயே அதிக கோல் போட்ட டயமன்டகோஸை அதற்கு முன்னேயே ஈஸ்ட் பெங்காலுக்கு விட்டாயிற்று. ஜீக்சனும் அங்கேயே போனார். முதுகெலும்பைக் கழற்றிவிட்டுக் கொடுத்த டீம் அது.

அவர் ஆட வைக்க நினைத்தது மேலே ஏறி நெருக்குகிற ஆட்டம். அதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று சொல்கிறேன், இது நான் தினமும் கண்ணால் பார்ப்பது. காலையில் அலை வற்றிய ஈர மணலில் நான்கு தேங்காய் மட்டையை மூலைக்கொன்று வைத்து, ஐந்து பையன்கள் பந்து வைத்திருப்பார்கள், நான்கு பேர் பிடுங்க வேண்டும். ஆறு எண்ணுவதற்குள் பிடுங்கவில்லையென்றால் பின்னால் ஓடிவர வேண்டும். இதுதான் நெருக்குவதன் அரிச்சுவடி. முதல் பையன் பந்துக்காரன் மேல் பாய்வான். இரண்டாவது பையன் பக்கத்துப் பாஸை மூடுவான். இது இரண்டும் மூன்றே நாளில் வந்துவிடும். மூன்றாவது பையன் இருக்கிறானே, அவன் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவான். பந்து இல்லாத இடத்துக்கு ஏன் ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது. அவன் ஒரு இரண்டடி பின்தங்கினால் போதும், அந்த இரண்டடிக்குள் பந்து வெளியே வந்து, நம் டிபன்ஸ் முழுக்கத் திறந்து கிடக்கும். முதல் இரண்டு பேர் ஓடிய ஓட்டம் அத்தனையும் வீண். பார்க்கிறவனுக்கு டிபன்டர் சொதப்பினான் என்று தெரியும். தப்பு நடந்தது முப்பது மீட்டர் முன்னால். அந்த மூன்றாவது பையனின் காலுக்குப் பழக்கம் வர எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அவன் அதே பதினைந்து பேரோடு தினமும் ஆடுகிறவன். வருஷத்துக்கு எட்டு பேர் மாறுகிற டீமில், கொச்சிப் புழுக்கத்தில், ஒரு கோச் இதைப் பன்னிரண்டு ஆட்டத்தில் செய்துகாட்ட வேண்டும் என்கிறோம்.

பேர் இல்லாதவர்கள் நின்று ஜெயித்த கதை நம் பக்கத்திலேயே இரண்டு இருக்கிறது. கோகுலம் கேரளாவுக்கு 2020-ல் வந்த இத்தாலிக்காரர் வின்சென்ஸோ அன்னேஸேயை யாருக்குத் தெரியும்? முப்பத்தைந்தை ஒட்டிய வயசு. இரண்டு சீசன் வைத்துக்கொண்டார்கள். 2020-21, 2021-22 இரண்டிலும் இந்தியாவின் இன்னொரு லீக்கான ஐ-லீக் கோப்பை. இன்னொன்று நம் தமிழ்நாட்டு சென்னை சிட்டி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் 2018 தொடக்கத்தில் வந்தார். அந்த சீசன் எட்டாவது இடம், கீழே விழாமல் தப்பினதே பெரிது. அனுப்பவில்லை. ஸ்பெயினிலிருந்து தனக்குப் பொருந்துகிற ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். பெத்ரோ மான்ஸி ஒருவரே 21 கோல். கோயம்புத்தூரில் 2018-19 ஐ-லீக் சாம்பியன். ஆளையும் நாளையும் சேர்த்துக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

நான் ஏன் இந்தியக் கோச் என்கிறேன்? ஒரு எளிய கணக்கு. ஐ.எஸ்.எல்.லில் ஒரே நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்தான் நிற்க முடியும். மீதி ஏழு பேர் நம் ஆட்கள். கோப்பை வாங்குகிற டீமும் கீழே கிடக்கிற டீமும் வித்தியாசப்படுவது பெரும்பாலும் அந்த ஏழு பேரில். மிசோரத்தில் எந்தப் பையன் இடது காலால் ஓடிக்கொண்டே சென்டர் போடுவான், கோவாவில் எந்த சென்டர் பேக் பெஞ்சில் வீணாகிறான், மலப்புறத்தில் எந்த கோளி கேரளா லீக்கில் கண்ணில் படுகிறான் என்பது வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரிய ஒரு வருஷமாவது பிடிக்கும். அந்த ஒரு வருஷத்தை நாம் யாருக்கும் கொடுப்பதில்லை. இங்கேயே கிடந்தவருக்கு அது முதல் நாளே தெரியும்.

காலித் ஜமீலைப் பார். 2016-17-ல் ஐஸால் எஃப்.சி. என்கிற சின்ன ஊர் டீமை வைத்து ஐ-லீக் வாங்கினார். 2020-21-ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் பாதியில் பொறுப்பு வந்தது, டீமைத் தோல்வி இல்லாமல் பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். அப்புறம் ஜம்ஷெட்பூர், 2024-25-ல் செமிஃபைனல். 2025 ஆகஸ்டில் இந்திய டீமின் கோச். க்ளிஃபர்ட் மிராண்டா 2023-ல் ஒடிசாவுக்குத் தற்காலிகமாக வந்து, நம் கோழிக்கோட்டு மைதானத்திலேயே பெங்களூருவை 2-1 ஜெயித்து சூப்பர் கப் வாங்கினார். 2025-ல் சென்னையின் எஃப்.சி. அவரைக் கூப்பிட்டது. ஊரில் நீலச் சட்டை போடுகிற நம் பையன்கள் அன்றைக்கு முணுமுணுத்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

நம் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்டாரே போன பிறகு மிச்சம் இருந்த பன்னிரண்டு ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டது டி.ஜி.புருஷோத்தமன். கேரளத்துக்காரர், கோளியாக இருந்தவர். கூட போலந்தின் தோமாஸ் சோர்ஸ். டீம் அதே டீம்தான். முதல் ஆட்டமே முகமதனை 3-0. டெல்லியில் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகு ஒன்பது பேராக நின்று பஞ்சாபை 1-0. அந்த ஆட்டத்தின் கடைசி இருபது நிமிஷத்தை என் பையன்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். யார் பாய வேண்டும், யார் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒன்பது பேருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டாரேயின் பன்னிரண்டு ஆட்டத்தில் பதினொரு புள்ளி. இவர்களின் பன்னிரண்டில் பதினெட்டு. மொத்தம் 29, எட்டாவது இடம். அடுத்து கிளப் என்ன செய்தது? 2025 மார்ச்சில் ஸ்பெயின்காரர் டேவிட் கத்தாலாவைக் கொண்டுவந்தது. கத்தாலா மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் பதினெட்டு புள்ளி எடுத்தவரோடு உட்கார்ந்து "அடுத்த சீசனுக்கு உனக்கு என்ன வேண்டும்" என்று ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

உன் சாயக்கடையில் எதிர்க்கட்சி சும்மா விடாது, அவர்கள் கேட்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். இடையில் வருகிறவருக்கு முதல் சில ஆட்டம் எப்போதும் நன்றாகத்தான் போகும், பயம் போன ஆட்டக்காரன் கொஞ்சம் துள்ளுவான் என்பார்கள். உண்மைதான், அதனால்தான் ப்ரீசீசனோடு கொடுத்துப் பார் என்கிறேன். காலித் வந்தும் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை போயிற்றே என்பார்கள். போயிற்று. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன் அதே காலித்தின் டீம் மத்திய ஆசியாவில் ஓமனைப் பெனால்டியில் ஜெயித்து மூன்றாம் இடம் எடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இந்த மண்ணைத் தெரிந்தவர் வேண்டும் என்கிறாயே, ஷட்டோரியும் விகுனாவும் தெரிந்தவர்கள்தானே என்று ஒருவன் கேட்பான். அது நல்ல கேள்வி. ஷட்டோரி நார்த்ஈஸ்ட்டை செமிஃபைனலுக்குக் கொண்டுபோனவர். வரும்போது அங்கே ஆடிய ஒக்பெச்சேயையும் கூட்டி வந்தார். ஒக்பெச்சே 15 கோல் போட்டார். டிபன்டர் ஜிங்கன் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே. ஏழாவது இடம். விகுனா மோகன் பகானுக்கு ஐ-லீக் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர், பத்தாவது இடம். இருவரும் இந்தியாவைத் தெரிந்தவர்கள். இருவருக்கும் இரண்டாவது வருஷம் கிடைக்கவில்லை. ஷட்டோரிக்கு இன்னொரு வருஷம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் அன்றைக்கும் சொன்னேன்.

ஆகவே பேரை வைத்துச் சண்டை போடுவதற்கு முன் உங்கள் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: வருகிறவர் கையெழுத்துப் போடும்போது வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் ஏற்கனவே எடுத்தாயிற்று? அவர் வழக்கமாக ஆட வைக்கிற ஆட்டத்துக்கு நம் கையில் இருக்கும் டிபன்டர்களின் ஓட்டம் போதுமா? முதல் ஆறு ஆட்டத்தில் நான்கு தோற்றால் கிளப் என்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நாமும் உண்டு. 2024 டிசம்பரில் நம் ரசிகர் கூட்டமான மஞ்ஞப்படை கொடி பிடித்தது நிர்வாகத்தை நோக்கி. அது சரியான திசை. அதற்கு முந்தைய வாரங்களில் நாம் எல்லாரும் போனில் எழுதித் தள்ளியதோ ஸ்டாரேயைப் பற்றி.

வெளிநாட்டவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த லீக்கில் ஏற்கனவே வேலை பார்த்து, இங்குள்ள பையன்களை வளர்த்துக் காட்டியவர் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். ஹைதராபாத்தில் மனோலோ மார்கெஸ் செய்தது அதுதான். வந்த இரண்டாவது சீசனில் நம்மையே ஃபைனலில் ஜெயித்தார். அப்படி ஒருவர் வந்தாலும் பக்கத்தில் நிற்கிற இந்தியத் துணைக் கோச்சைக் கோன் அடுக்குவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து இவர்தான் என்று முதல் நாளே சொல்லி வளர்க்க வேண்டும். என் முதல் தேர்வு இன்னும் அவர்தான், அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர்.

கடைசியாக நீ கேட்டது, நம் கரையிலிருந்து ஒருவன் போவானா என்று.

ஆட்டக்காரனாகப் போயாயிற்று. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஜம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடியதை நம் பொடியன்கள் பார்த்து வளர்ந்தார்கள். பக்கத்துப் பொழியூர் மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராபிக்கு ஆளனுப்பியே பேர் வாங்கிய ஊர். கோச்சாகப் போக வேறு பாதை. டி, சி, பி, ஏ என்று ஒவ்வொரு லைசென்ஸாக ஏற வேண்டும். அதற்கு மேல் ஆசிய ஃபுட்பால் அமைப்பின் ஏ.எஃப்.சி. ப்ரோ. ஐ.எஸ்.எல்.லில் தலைமைக் கோச் ஆக அந்த ப்ரோ வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே காத்திருப்பு, செலவு, ஒரு டீமை நடத்திக் காட்டுவது எல்லாம் உண்டு. இருபத்தைந்து வயசில் தொடங்கினால் நாற்பதை ஒட்டித்தான் மேலே போய்ச் சேர முடியும். நம் ஊரில் நன்றாக ஆடுகிறவன் பெரும்பாலும் இருபத்திரண்டில் போட்டில் ஏறிவிடுகிறான். ஆட்டத்தை நிறுத்தும்போது அதைச் சொல்லிக்கொடுக்கிற வழியும் அவனோடு கடலுக்குப் போய்விடுகிறது.

என்னிடம் இப்போது ஒருவன் இருக்கிறான். அன்றைக்குத் துணியின் இடது முனையைப் பிடித்திருந்தவன். ஆட்டம் சுமார்தான், ஆனால் நான் சொல்லும் முன்னே "அண்ணே, மூணாமத்தவன் வரல" என்று சரியாகச் சொல்லுவான். போன மாதம் அவன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். போட்டு புறப்படுவதும் டி லைசென்ஸ் வகுப்பும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நான் தோப்பும்படிக்குப் போன் போட்டு ஸ்ராங்கிடம் பேசினேன். இந்த ஒரு ட்ரிப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.